காவல்துறை வாகனம் மோதி உயிரிழப்பு நேர்ந்தால்: சென்னைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு செய்வதும், தடயம் திரட்டுவதும், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் காவல்துறையின் வேலை. மோதிய வாகனம் ரோந்து வாகனமாகவோ, அதை ஓட்டியவர் காவலராகவோ இருந்துவிட்டால், விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்களாகிவிடுகிறார்கள். சட்டம் இந்த நிலைக்குத் தனியாக ஒரு பாதை வகுக்கவில்லை. எல்லா விபத்துகளுக்கும் உள்ள பாதைதான் இதற்கும். ஆனால் அந்தப் பாதையில் குடும்பம் எதையும் வாய்மொழியாகக் கேட்டு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கையும் தேதியிட்ட தாளாக, நிலையத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கும்படி அமைய வேண்டும். நீதிமன்றமோ காவல் நிலையமோ பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்து, எதை எப்போது செய்வது என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனையும் பிணவறையும்

அடிபட்டவருக்கு உயிர் இருக்கும்வரை வேறு எந்த வேலையும் முக்கியமில்லை. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தம் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. ஆனாலும், அவரே விருப்பப்பட்டுச் சாட்சி சொல்ல முன்வந்தால் அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் குறிப்பைப் பலரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வார்கள். எந்த வாகனம் மோதியது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முதன்முதலில் தாளில் ஏறும் இடம் அதுதான். ‘தெரியாத வாகனம்’ என்றோ ‘தானாக விழுந்தார்’ என்றோ அங்கே எழுதப்பட்டால், பிறகு இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் வரை அந்தச் சொற்கள் உங்களைத் துரத்தும். மோதியது காவல் வாகனம் என்று உடன் வந்தவருக்குத் தெரியுமானால், பணியில் இருக்கும் மருத்துவரிடம் அதை அப்போதே சொல்லி எழுதச் செய்ய வேண்டும்.

இறப்பு நேர்ந்தபின் உடல் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் பிரேதப் பரிசோதனைக்காகக் கொண்டுசெல்லப்படும். அதற்கு முன் காவல்துறை பிரேத விசாரணை நடத்தி, உறவினர்களிடம் வாக்குமூலம் பெறும். உடலைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்ற அவசரத்தில் குடும்பத்தார் அந்தத் தாள்களைப் படிக்காமலேயே கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. படிக்கத் தெரிந்த, சற்று நிதானமாக இருக்கக்கூடிய ஓர் உறவினரை அந்த வேலைக்கென்றே நிறுத்துங்கள். விபத்து எப்படி நடந்தது என்று உங்களுக்கு நேரில் தெரியாவிட்டால் ‘நேரில் பார்க்கவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். யாரோ சொன்ன கதை உங்கள் வாக்குமூலமாக மாறிவிடக் கூடாது. பிணவறை வாசலில் ‘கேஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வருபவர்களிடம் வெற்றுத்தாளிலோ வக்காலத்திலோ கையெழுத்திட்டுத் தராதீர்கள். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் அவகாசம் இருக்கிறது.

புகாரை எழுதுவது

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் பதிவு செய்து விசாரிக்கிறது. சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குச் சென்றால் அங்கேதான் அனுப்புவார்கள். தாம்பரமும் ஆவடியும் 2022 ஜனவரி முதல் தனித்தனி ஆணையரகங்களாகச் செயல்படுவதால், விபத்து நடந்த இடம் எந்த எல்லையில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தெரியவில்லை என்பது புகாரை மறுக்கக் காரணமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று கூறுகிறது. மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும்.

புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதித் தராதீர்கள். நேரம், இடம், வாகனத்தின் பதிவெண், அது வந்த திசை, சைரனும் சுழல்விளக்கும் இயங்கினவா, ஓட்டுநர் நின்று உதவினாரா அல்லது போய்விட்டாரா ஆகியவற்றைத் தெரிந்த அளவுக்கு மட்டும் குறிப்பிடுங்கள். ஓட்டுநர் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு விதிக்கும் கடமை, சீருடை அணிந்தவருக்கும் பொருந்தும்.

இத்தகைய வழக்கில் கேட்க வேண்டிய பிரிவுகள் சில உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1), அதாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்தல், ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டாண்டாக இருந்தது. நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு பொதுச்சாலையில் தாறுமாறாக ஓட்டுவதைக் குறிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதையும், 185ஆவது பிரிவு குடித்துவிட்டு ஓட்டுவதையும் தண்டிக்கின்றன. இவற்றோடு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டுப் பலருடைய கண்ணிலும் படாமல் கிடக்கும் 210பி பிரிவையும் குறிப்பிடுங்கள்: இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால், அந்தக் குற்றத்துக்கு உரிய அபராதத்தைப் போல இருமடங்கு செலுத்த வேண்டும். தலைக்கவசம் இல்லாதவரை நிறுத்தி அபராதம் விதிக்கும் அதே சட்டம்தான் இதைச் சொல்கிறது.

இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். மோதிவிட்டுத் தகவல் தராமல் தப்பினால் பத்தாண்டு சிறை என்று செய்திகளில் வந்த 106(2), சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்து, 106(1) பிணையில் விடத்தக்க குற்றம். எனவே ஓட்டிய காவலர் அன்றைக்கே பிணையில் வெளியே வந்தால், அதை மட்டும் வைத்து வழக்கு மூடப்பட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பார்.

கொடுத்த புகாருக்கு மனு ஏற்பு ரசீது மட்டும் தந்து, ‘சி.எஸ்.ஆர். போட்டாச்சு, விசாரிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினால் அதை ஏற்க வேண்டியதில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலிருந்தே தெரியும்போது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அறிக்கையின் பிரதி இலவசமாகத் தரப்பட வேண்டும். கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை. இறந்தவரே அலட்சியமாக ஓட்டிச் சென்று மோதினார் என்று பதிவாகியிருந்தால், ‘எதிரி இறந்துவிட்டார்’ என்று வழக்கு எளிதில் முடிக்கப்படும். இழப்பீட்டு வழக்கிலும் அதையே எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும். அப்படி இருக்குமானால் அன்றே மறுப்பு மனு எழுதிப் புலனாய்வு அதிகாரிக்கும், துணை ஆணையருக்கும், வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் ஒப்புகையுடன் அனுப்புங்கள்.

பதிவே செய்ய மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மேலதிகாரிக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். மாநகரத்தில் துணை ஆணையருக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் உறுதிமொழிப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் 175(3) பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். எந்த நிலைய எல்லை என்பதைப் பொறுத்து எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் நீதிமன்றங்களில் ஒன்றில் அது வரும். நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போவதைவிட இந்த வழியே முதலில் தகுந்தது என்று சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியுள்ளது. குற்றம் சாட்டப்பட்டவர் கடமையாற்றும்போது நடந்த செயல் என்று எதிர்த்தரப்பு சொன்னால், 175(4)இன்படி நடுவர் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் பெற்ற பிறகே உத்தரவிடுவார். கால தாமதத்தை எதிர்பார்த்தே இந்த மனுவைச் செய்யுங்கள்.

தடயம் அழிவதற்கு முன்

ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில்தான் தடய அறிவியல் வல்லுநர் இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று புதிய சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஐந்தாண்டுக்குரிய 106(1) வழக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே தடயவியல் ஆய்வு வேண்டுமென்று குடும்பமே எழுத்தில் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, கண்காணிப்புக் கேமராப் பதிவு. கடைகள், வங்கிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றில் உள்ள கருவிகள் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவை எழுதிவிடும். சில இடங்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே காட்சி காணாமல் போகும். விபத்து நடந்த இடத்தின் இருபுறமும் நடந்து சென்று, எந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பட்டியல் எழுதி, அவற்றைக் கைப்பற்றும்படி புலனாய்வு அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். கடைக்காரர் மனமுவந்து பிரதி தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவரிடம் அதையும் கையோடு பெறுவதே அறிவுடைமை. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் துண்டுக் காட்சி பொதுமக்களின் கோபத்தைக் கிளறும். சாட்சியமாக அதன் பயன் குறைவு.

இரண்டாவது, வாகனம் சார்ந்த ஆவணங்கள். காவல் வாகனம் ஒவ்வொன்றுக்கும் இயக்கப் பதிவேடு உண்டு. அன்று அதை யாரிடம் ஒப்படைத்தார்கள், எங்கிருந்து எங்கே போனது, எதற்காகப் போனது என்பது அதில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டறையிலிருந்து வந்த அழைப்பு, வயர்லெஸ் தகவல், நிலையப் பொது நாட்குறிப்பு, ஜி.பி.எஸ். பொருத்தியிருந்தால் அதன் வேகப் பதிவு ஆகியவையும் தேவை. ஏனென்றால் பெரும்பாலும் வரும் பதில், ‘அவசர அழைப்புக்காகச் சென்றோம்’ என்பதுதான். 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவசர வாகனங்களுக்குச் சலுகை தருவது உண்மை: உண்மையான அவசரத்தில், சைரனும் விளக்கும் இயங்க, சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் அனுமதி உண்டு. ஆனால் அதை ஓட்டுநர் தம் சொந்தப் பொறுப்பில், உரிய கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. ஆகவே அழைப்பு வந்ததா, சைரன் ஒலித்ததா, சந்திப்பில் வேகத்தைக் குறைத்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆவணங்களில் விடை இருக்கிறதா என்று தேடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் புலனாய்வு பாதிக்கப்படும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. மறுத்தாலும் நீங்கள் இன்ன தேதியில் கேட்டீர்கள் என்பது பதிவாகிறது. பிறகு அந்தப் பதிவேட்டைக் காணவில்லை என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாகும்.

மூன்றாவது, ஓட்டியவரின் இரத்தப் பரிசோதனை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆவது பிரிவு பொருந்தும். நேரம் போகப் போக அளவு குறைந்துவிடும் என்பதால், இந்தக் கோரிக்கை முதல் நாளிலேயே மனுவில் இடம்பெற வேண்டும். மது அளவு கூடியிருந்தது உறுதியானால், அலட்சியம் என்ற நிலையைத் தாண்டி, மரணம் நேரும் என்று அறிந்தே செய்த செயல் என நியாய சன்ஹிதாவின் 105ஆவது பிரிவுக்கு வழக்கைக் கொண்டுசெல்ல முடியும்.

மோதல் நடக்காமல், துரத்தியதாலோ வாகனச் சோதனையின்போது தடுத்ததாலோ ஒருவர் விழுந்து இறக்கும் நிகழ்வுகளும் இவற்றோடு சேர்ந்தவையே. 2018 மார்ச்சில் திருச்சி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியரின் இருசக்கர வாகனத்தைக் காவல் ஆய்வாளர் உதைத்ததில் பெண் உயிரிழந்தது தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. இத்தகைய நிகழ்வில் புகாரைச் சாதாரண விபத்து என்று எழுதவிடாமல், காவலர் செய்த செயலைத் தெளிவாகக் குறிப்பிட்டு, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆவது பிரிவின் கீழ் நடுவர் விசாரணை கோருங்கள்.

விசாரணை நடக்கும்போது

மோதிய வாகனம் எந்த நிலையத்துக்கு உரியதோ அந்த நிலையத்தோடு தொடர்பில்லாத அதிகாரியிடம் விசாரணையை ஒப்படைக்கும்படி ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். தவறு நடக்கிறது என்று காட்ட ஆதாரம் சேர்ந்த பிறகு, சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வெறும் சந்தேகத்தை மட்டும் கொண்டுபோனால் மனு தள்ளுபடியாகும்.

விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(3) பிரிவு. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), இடத்தின் மாதிரி வரைபடம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் விபத்து வழக்கு ஆவணங்களுக்கு விண்ணப்பிக்கும் வசதி உள்ளது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்துக்கே போய்ப் பாருங்கள். சாலையின் அகலம், நடுத்தடுப்பு, மோதிய புள்ளி ஆகியவை உண்மைக்கு மாறாக இருந்தால், அதை உடனே ஆட்சேபிக்க வேண்டும்.

‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால் அதை முடிவென்று எண்ண வேண்டாம். நடுவர் அந்த அறிக்கையை ஏற்பதற்கு முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்பது 1985இல் பகவந்த் சிங் வழக்கில் நிலைநாட்டப்பட்ட விதி. ஆட்சேப மனுத் தாக்கல் செய்து மேல்விசாரணை கேட்கலாம். வழக்கு நடக்கும்போது அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வழக்கறிஞரை நியமிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். விடுதலைத் தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு.

துறை நடவடிக்கையும் ஆணையங்களும்

செய்தித்தாளில் ‘காவலர் ஆயுதப்படைக்கு மாற்றம்’ என்று வந்தவுடன் பலர் அமைதியாகிவிடுகிறார்கள். அது ஓர் இடமாற்றம் மட்டுமே, தண்டனை அன்று. ஆணையருக்கு எழுதும் மனுவில், 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளின்படி 3(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலரையும் காவல் உயரதிகாரிகளையுமே அதில் உட்கார வைத்தது. அங்கே மனுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது வீண் என்பது என் எண்ணம். மாநில மனித உரிமை ஆணையம் அதைவிடப் பயனுள்ள இடம். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வாகனம் மோதியது என்பதைவிட, வழக்குப் பதிய மறுத்தது, சாட்சியை மிரட்டியது, ஆவணத்தை மாற்றியது போன்ற செயல்களை மையமாக வைத்து எழுதினால் மனு வலுவாக நிற்கும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்தது.

இழப்பீட்டு வழக்கு

குற்ற வழக்கு முடியட்டும் என்று இதற்காகக் காத்திருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி புலனாய்வு அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவை போய்ச் சேர்ந்தனவா என்று விசாரியுங்கள். ஆனால் அவர்கள் அனுப்புவார்கள் என்று உங்கள் மனுவை நிறுத்திவைக்காதீர்கள். சென்னையில் இவ்வழக்குகளை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது, எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிப்பது சென்னையானால் இங்கேயே தாக்கல் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானத்துக்கான ஆதாரம், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை தேவைப்படும்.

காவல் வாகனத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வணிகத்துக்காக அல்லாமல் அரசு பயன்படுத்தும் வாகனங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து 146(2) பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே காப்பீட்டு நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உரிமையாளராக உள்ள அதிகாரியையும் மாநில அரசையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். ‘அரசுப் பணியில் நடந்தது, அரசுக்குப் பொறுப்பில்லை’ என்ற வாதம் எழுந்தால், 1962ஆம் ஆண்டு வித்யாவதி வழக்கை உங்கள் வழக்கறிஞர் காட்டுவார்: பழுது பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்த அரசு ஜீப் ராஜஸ்தானில் பாதசாரி ஒருவரைக் கொன்றதற்கு மாநில அரசே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவலர் தம் சொந்தக் காரில் சென்றபோது மோதியிருந்தால், மற்ற வழக்குகளைப் போலவே அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும்.

தொகையைக் கணக்கிடும் முறை சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய தீர்ப்புகளில் உள்ளது. 32 வயதில் சொந்தத் தொழில் செய்து மாதம் 20,000 ரூபாய் ஈட்டியவர், நான்கு பேர் அவரைச் சார்ந்திருந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 28,000, அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், அதாவது அவ்வயதுக்குரிய பெருக்கி, 16. ஆகவே 40,32,000 ரூபாய். இதனுடன் இறுதிச் சடங்குச் செலவு, உறவின் இழப்பு போன்றவற்றுக்கான தொகைகளும் வட்டியும் சேரும். ‘சமாதானமாகப் போய்விடலாம்’ என்று யாரேனும் ஒரு தொகையைச் சொல்லி வந்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். வருமானத்தைக் கூட்டிச் சொல்வது குறுக்கு விசாரணையில் உடைந்து, உண்மையான பகுதியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

யாருடைய தவறு என்று நிரூபிக்க முடியாத நிலையில் 164ஆவது பிரிவின் கீழ் இறப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் கேட்கலாம். மோதிய வாகனம் எது என்றே தெரியாவிட்டால் 161ஆவது பிரிவுத் திட்டத்தில் இரண்டு லட்சம் கிடைக்கும். காவலர் மீதான குற்ற வழக்கு விடுதலையில் முடிந்தாலும் இழப்பீட்டு வழக்கு தானாக வீழ்ந்துவிடாது. தீர்ப்பாயத்துக்கு ஐயமற்ற நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவே போதும்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தீர்ப்பு வந்தபின் வயது வராத பிள்ளைகளின் பங்கை வழக்கமாக வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்வார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு அதன் வட்டியை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுமென்றால், தீர்ப்புக்கு முன்பே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி மனுவில் சேர்க்கச் செய்யுங்கள்.